எந்த ஊருங்க, எந்தத் தெருங்க

சின்னத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். இதை அவளுக்கு ஆகாதவர்கள் யாரும் சொல்லவில்லை, கட்டிய புருஷன் முனீஸே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அருள்புரத்தில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கரண்டு போய் மிஷின்கள் நின்றால் போதும், மற்ற டெய்லர்கள் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வருஷம் கரண்டு இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால் கதைக்குப் பஞ்சமே இல்லை. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்து விவகாரங்களை அவள் அவிழ்த்துவிட, செக்கிங் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வாய்தான் அவளை ரேடியோ வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

பல்லடம் ரோட்டில் ஒரு காலேஜ்காரர்கள் சொந்தமாகச் சின்ன ரேடியோ ஒன்று நடத்தினார்கள். சுற்றியுள்ள சில ஊர்களைத் தாண்டி அது கேட்காது. ஆனால் கேட்கிற ஊர்களில் டீக்கடை, கம்பெனி, லைன் வீடு என்று எங்கே பார்த்தாலும் அதைத்தான் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘எந்த ஊருங்க?’ என்று ஒரு நிகழ்ச்சி. பிழைக்க வந்தவர்கள், இங்கேயே பிறந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது, என்ன சாமி, என்ன நோம்பி திருவிழா, கல்யாணத்துக்கு என்ன சீர் என்று பேசவைப்பார்கள். நடத்தியவன் அருள்செல்வன். அந்தக் காலேஜில் தமிழ் வாத்தியார். தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை, இப்போது அண்ணன் தம்பிகளெல்லாம் பனியன் வியாபாரம். நல்ல பையன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கதை சொல்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கம்பெனிக்கே வந்து கூப்பிட்டான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லுவாளா? புதுச் சேலை கட்டிக்கொண்டு அல்லவா போனாள்!

சினிமாவில் வருவதுபோல இருக்கும் என்று நினைத்துப் போன ஸ்டுடியோ, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி.

“பயப்படாதீங்க்கா. கம்பெனியில பேசற மாதிரியே பேசுங்க. உங்க ஊர்ல நோம்பி எப்படிங்க?” என்றான் அருள்செல்வன்.

அவள் பங்குனிப் பொங்கலில் ஆரம்பித்தாள். காப்புக் கட்டுவது, முளைப்பாரி போடுவது, அக்கினிச் சட்டி எடுக்கும் பெண்களுக்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது. பேசப் பேச ஊர் அவளுக்குள் ஏறிவிட்டது. மைக் மறந்தது, எதிரே இருந்தவன் மறந்தான், இத்தனை வருஷம் காத்துவைத்திருந்த ஜாக்கிரதையும் மறந்தது.

“எல்லாம் இருந்து என்ன சார், எங்கய்யா கொட்டெடுக்காம ஆத்தா ஒரு அடி நகர மாட்டா. பொன்னுச்சாமி கொட்டுன்னா சுத்துப்பட்டுல அத்தன பேருக்கும் தெரியும். பனிக்குத் தப்புத் தோலு தொவண்டு கெடக்கும். நாந்தான் வைக்கோலப் போட்டுத் தீ மூட்டுவேன். அய்யா காட்டிக் காட்டிக் காய்ச்சுவாரு. காஞ்சிருச்சான்னு அவரு கன்னத்துல வெச்சுப் பாப்பாரு, அப்புறம் என் கன்னத்துல வெப்பாரு. சுள்ளுன்னு இருக்கும். ‘இப்பக் கூப்புட்டா ஆத்தா வருவாளா தாயி?’ன்னு கேப்பாரு. ‘வருவாய்யா’ன்னு நான் சொன்னப்புறந்தான் மொத அடி விழும்.”

சொன்னதோடு விட்டாளா? பத்து விரலாலும் மேஜையில் அந்த அடியை அடித்துக்காட்டினாள். மைக் ஆடியது. அருள்செல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்கா, இதுதாங்க. இதுக்குத்தான் நான் இந்த நிகழ்ச்சியே நடத்தறேன்,” என்றான்.

அந்தச் சந்தோஷத்தில் சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னாள்.

“அய்யா, உன்னையப் பத்தி ரேடியோவுல பேசியிருக்கேன்.”

“என்னையப் பத்தியா? என்னத்தச் சொன்ன?”

“கொட்டப் பத்தி. நீ தப்பக் காய்ச்சுறது, என் கன்னத்துல வெக்கிறது, எல்லாம்.”

“இங்க கேக்குமா தாயி?” என்று கேட்டார் கிழவர்.

நாலாவது படிக்கும் மகள் ஜோதிகா போனைப் பிடுங்கிக்கொண்டாள். “இங்கதான் தாத்தா கேக்கும். ஆனா நான் இந்தப் போன ரேடியோகிட்ட வெச்சு உனக்குக் கேக்க வைக்கிறேன்!”

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில்தான் சின்னத்தாய்க்குக் காலுக்கடியில் தரை நழுவியது. வீட்டுக்காரம்மா மயிலாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள்.

“ஏங்கண்ணு, ரேடியோவுல பேசறயாமா? சொல்லவே இல்ல பாரு! ஞாயித்துக்கெளம நம்ம வாசல்லயே ரேடியோவ வெச்சு எல்லாருங் கேக்கலாம். எங்க அக்கா பூவாத்தாளையுங் கூப்புட்டுப்போட்டேன். நம்மூட்டுல குடியிருக்கற புள்ள பேசறதுன்னா எனக்கும் பெருமைதான?”

“ஆமாங்கம்மா,” என்று சொன்னாள் சின்னத்தாய். குடம் நிறைந்து வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வீட்டின் அருமை அவளுக்குத்தான் தெரியும். திருப்பூருக்கு வந்த புதிதில் அவர்களுக்குக் கிடைத்தது சாயத் தண்ணி ஓடும் பள்ளத்தை ஒட்டிய ஒரு அறை. போர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் நுரையோடு வரும். அந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்து ஜோதிகாவுக்கு முழங்கால் மடிப்பெல்லாம் புண். அடுத்தது நல்ல வீடுதான், ஆனால் ஊர்க்காரன் எவனோ வாய்விட்டதில் ஆள் இன்னாரென்று தெரிந்துபோனது. ‘பையனுக்குக் கல்யாணம், ஊடு வேணுமுங்க’ என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். கல்யாணமும் நடக்கவில்லை, ஒரு மண்ணும் நடக்கவில்லை, வீடு பூட்டியே கிடந்தது.

மூன்றாவது மயிலாத்தாளின் லைன் வீடு. உப்பில்லாத தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு, பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். வாடகை பேசுமுன் அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். “ஏனுங், நீங்க என்ன ஆளுங்க?” ஊரில் எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று தன் அப்பனை அடித்தார்களோ, அந்தத் தெருக்காரர்களின் பேரையே முனீஸ் சொல்லிவிட்டான். மயிலாத்தாள் சாவியைக் கொடுத்தாள். ஜோதிகாவின் புண் ஆறியது.

இப்போது அந்தத் தாழ்ப்பாளைத் தன் வாயாலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். தப்படிக்கிறவர் மகள் என்று ரேடியோவிலேயே சொன்ன பிறகு என்ன ஆளென்று யார் தனியாகக் கேட்க வேண்டும்?

விஷயத்தைக் கேட்டு முனீஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “ஏன்டி, மொளப்பாரியோட நிறுத்தியிருக்கக் கூடாதா? உனக்கு வாயிருக்கே வாயி!”

அவள் பதில் பேசவில்லை. பதில் பேசாத சின்னத்தாயை அவன் அன்றுதான் பார்த்தான். பயந்துபோய், “போ, போயி அந்த வாத்தியாரப் பாரு. எடுக்கச் சொல்லு,” என்றான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் சொல்லிக்கொண்டு காலேஜுக்கு ஓடினாள். அருள்செல்வன் எழுந்து நின்று வரவேற்றான், டீ வாங்கிவரச் சொன்னான். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, “சார், அந்தக் கொட்டுப் பேச்ச மட்டும் எடுத்துருங்க,” என்றாள்.

“ஏனுங்க்கா? அதுதாங்க உசுரே!”

“நேரம் ஜாஸ்தியாயிரும்ல.”

“மத்ததக் கொறச்சுக்கலாங்க. இதுல கை வெக்க மாட்டேன்.”

“எங்கய்யாவுக்குப் பிடிக்காது சார்.”

“அப்பாவப் பத்தி இவ்வளவு பாசமாச் சொல்லியிருக்கீங்க, எப்படிங்க பிடிக்காமப் போகும்?” அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “அக்கா, நீங்க கூச்சப்படறீங்க. எங்களையே பாருங்க. சூரசம்ஹாரத்துல முருகனோட படைவீரனா வேஷங் கட்டறது எங்க குடும்பத்துப் பாத்தியதைங்க. எங்கப்பா மயில்சாமி கட்டுனாரு, இப்ப நான் கட்டறேன். இதே மைக்குல எத்தன தடவ சொல்லியிருக்கேன்! நம்ம பெருமைய நாமளே சொல்லலீன்னா வேற யாருங்க சொல்லுவாங்க?”

சின்னத்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சார் என்பதும் போய்விட்டது.

“நீங்க சொன்னா மால போடுவாக தம்பி. நான் சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாக.”

அவன் விழித்தான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. எதை மறைக்க வந்தாளோ அதை முழுசாக உடைத்துச் சொன்னால்தான் மறைத்துத் தருவான் போலிருக்கிறது, இது என்ன கொடுமை! சொன்னாள். எந்தத் தெரு, என்ன ஆள், வீட்டுக்காரம்மாவிடம் புருஷன் என்ன சொல்லி வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வாசலில் யார் யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள், எல்லாம் சொன்னாள். சொல்லும்போது குரல் தானாக இறங்கி, ஊர்த் தெருவில் நின்று பேசுகிற பழைய குரலாகிவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

அருள்செல்வனுக்கு முகம் சிவந்தது. “நாங்கெல்லாம் அப்படிப் பாக்கறதில்லீங்க்கா,” என்றான்.

“பாக்காதவுக வீடு எதுவும் வாடகைக்கு இருந்தாச் சொல்லுங்க தம்பி.”

டீ வந்தது. இரண்டு பேருமே அதைத் தொடவில்லை. கடைசியில் அவன், “நான் வேணும்னா உங்க வீட்டுக்காரம்மாகிட்டப் பக்குவமாப் பேசிப் பாக்கட்டுங்களா?” என்றான். அவள் பதறிப்போய் எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அவனும் பதறி எழுந்தான். அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

ஹெட்போனை அவளிடம் நீட்டினான். பனிக்குத் துவண்ட தோல், வைக்கோல் தீ, கன்னத்தில் சுள்ளென்ற சூடு, ‘வருவாளா தாயி?’ எல்லாம் அவள் குரலிலேயே ஓடியது. மேஜையில் விரல் விழுந்த சத்தம் நிஜக் கொட்டு மாதிரியே இருந்தது. திரையில் அந்த இடம் முழுக்கக் கோடுகள் உயர உயரமாக நின்றன.

“இவ்வளவும் போயிருங்க. அழிக்கட்டுங்களா?”

“அழிச்சிருங்க.”

பட்டனை அமுக்கினான். “நிச்சயமா அழிக்கணுமான்னு மறுபடியும் கேக்குதுங்க்கா.”

“ஆமான்னு சொல்லுங்க,” என்றாள் சின்னத்தாய்.

அந்த வெற்றிடத்தில் நாதஸ்வரம் கொஞ்சம் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு, மிஷின் ஓடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓடினாள்.

அப்பாவிடம் மட்டும் எதையும் சொல்ல முடியவில்லை. போன் போட்டால் அவரே முந்திக்கொண்டு, தெருவில் யார் யாரிடம் சொன்னேன், யார் யார் கேட்க வருகிறார்கள் என்று அடுக்கினார். அன்றைக்கு சிக்னல் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு பண்ணிக்கொண்டார்கள். அதை ஜோதிகாவிடம் சொல்லிவைக்கத்தான் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பெரிய புத்திசாலிகள்!

ஞாயிற்றுக்கிழமை கரண்டு இல்லை. மயிலாத்தாள் பேட்டரி போட்ட ரேடியோவை வாசலில் ஒரு நாற்காலிக்குமேல் வைத்திருந்தாள். சாணம் தெளித்துக் கோலம்கூடப் போட்டிருந்தாள். பூவாத்தாள் வந்திருந்தாள், லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேலை இருக்கிறது என்று முனீஸ் நழுவிவிட்டான். அருள்செல்வனின் குரல், “ஏனுங்க, எந்த ஊருங்க?” என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஜோதிகா ஓடிவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த போனை ரேடியோவோடு சேர்த்து வைத்தாள்.

“தாத்தா லைன்ல இருக்காரும்மா!”

அத்தனை பேர் முன்னால் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்க முடியுமா? போன் அங்கேயே இருந்தது.

ரேடியோவில் அவள் பேசினாள். காப்பு, முளைப்பாரி, அக்கினிச் சட்டி. மயிலாத்தாள் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். “எல்லாம் இருந்து என்ன சார்” என்று வருகிற இடத்துக்கு முன்னால் சின்னத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது வரவில்லை. நாதஸ்வரம் வந்தது. பிறகு, “ஆத்தா வீதிக்கு வந்துட்டான்னா ஊரே கண்ணுல தண்ணியோட நிக்கும்” என்று அவள் குரலே தொடர்ந்தது. வெட்டின தடம்கூடத் தெரியவில்லை. வேலைக்காரன்தான் அந்த வாத்தியார்.

முடிந்ததும் ஒரே பாராட்டு. மயிலாத்தாள் உள்ளே போய், தன் வீட்டு வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

“குடி கண்ணு, சூடாறிப் போயிரும். நெம்ப நல்லா நாயம் பேசுனெ. என்ன இருந்தாலும் நல்ல குடும்பத்துப் புள்ளைக பேச்சே தனி.”

பூவாத்தாளுக்கு ஒரு சந்தேகம். “ஏங்கண்ணு, சாமி கெளம்பறதுக்குக் கொட்டு மேளம் வேணுமல்லொ? அதைச் சொல்லவே இல்லியே. அதெல்லாம் உங்கூர்ல யாரு அடிக்கறது?”

வாசல் முழுக்க அவளைப் பார்த்தது. மயிலாத்தாளும் பார்த்தாள், சும்மாதான், அடுத்த கதை வருமென்ற ஆசையோடு.

“அது வேற ஆளுகம்மா,” என்றாள் சின்னத்தாய். “அவுக ஊருக்கு வெளிய இருக்காக. சொல்லிவிட்டா வந்து அடிச்சிட்டுப் போயிருவாக.”

“அவீக உங்க தெருவுக்குள்ள எல்லாம் வரமாட்டாங்கல்ல?” என்று கேட்டாள் மயிலாத்தாள்.

“வரமாட்டாகம்மா. நாங்க விட மாட்டோம்.”

அந்தக் கடைசி வார்த்தை தேவையே இல்லை. நீள வாய்க்கு எங்கே நிறுத்துவது என்று எப்போது தெரிந்தது? எல்லோரும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

ஜோதிகா மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் போன் இருந்தது, அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“தாத்தா இன்னும் லைன்லதாம்மா இருக்காரு,” என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

சின்னத்தாய் டம்ளரை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள்.

“அய்யா.”

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. எங்கேயோ ஆடு கத்தியது.

“சொல்லு தாயி.”

“கேட்டுச்சாய்யா?”

“கேட்டுச்சு. எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு. மொளப்பாரியப் பத்தி நீ சொன்னது ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“அய்யா, அந்தம்மா கேட்டப்ப நான்...”

“இங்க நம்ம தெருவே வந்து உக்காந்துருச்சு தாயி. சத்தமா வையி, சத்தமா வையின்னு ஒரே பிடுங்கல். நாந்தான் யாருக்கும் குடுக்கல, காதோட வெச்சு அமுக்கிக்கிட்டேன். அப்படியே எந்திரிச்சுக் கம்மாக்கரைக்கு வந்துட்டேன்.” கிழவர் இருமினார். “வரும்போது கேட்டாக, என்ன பொன்னுச்சாமி, ஒம் மக கொட்டப் பத்திச் சொன்னாளான்னு. சொன்னா, நல்லாச் சொன்னான்னுட்டேன்.”

சின்னத்தாய் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இரண்டடி தள்ளி வாசலில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அழுகிற உரிமைகூட அங்கே இல்லை.

“அழுகாத தாயி. யாராச்சும் பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாக. பிள்ளைக்குக் காலுல இருந்த புண்ணு ஆறிருச்சா?”

“ஆறிருச்சுய்யா. இந்தத் தண்ணிக்கு ஆறிருச்சு.”

“அப்புறமென்ன? போ. அந்தம்மா காப்பி குடுத்துச்சுல்ல, அது காத்துக்கிட்டு இருக்கும். போயிக் குடி.”

போன் கட்டானது. அவள் தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காபியில் ஆடை படிந்திருந்தது. “ஆறிப்போச்சே கண்ணு, குடு, சூடு பண்ணித் தாரேன்,” என்றாள் மயிலாத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறின காபியை அப்படியே நின்றுகொண்டு குடித்தாள் சின்னத்தாய்.